பொட்டுக்குப் பின்னால் இருந்த விரிசல்

அப்பு,

உன் நண்பர்களுக்குக் கொடுக்க நூறு கல்யாணப் பத்திரிகை அனுப்பச் சொன்னாய். கட்டுக்குள் தொண்ணூற்றொன்பதுதான் இருக்கும். உன் பெயர் எழுதிய உறைக்குள் பத்திரிகை இல்லை, இந்தக் காகிதங்கள் இருக்கின்றன. நான் இப்படி ஒன்று எழுதுவது உன் அப்பாவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு முடித்து, சத்துணவுக் கூடத்தைப் பூட்டிவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அவர் மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து வர ஆறு மணி ஆகும். அதற்குள் முடித்துவிட வேண்டும். இந்த வயதில் கட்டின புருஷனுக்குப் பயந்து கடிதம் எழுதுகிறாள் பார் என்று நீ சிரிப்பாய். அவருக்குப் பயந்து இல்லை. "கல்யாண நேரத்துல பழசக் கிளறாத" என்று அவர் கேட்டுக்கொண்டார். நானும் சரி என்றேன். சொன்ன சொல்லை மீறித்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீ ஓசூரிலிருந்து வந்திருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். உன் மாமன் வீட்டுப் பூச்சூட்டலுக்கு உன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து சின்னாளப்பட்டி போய்க்கொண்டிருந்தேன். மதுரை ரோட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றிய டெம்போ ஒன்று நமக்கு முன்னால் சட்டென்று நின்றது. நீ பின் பிரேக்கை மிதித்தாய். பெடல் சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது என்று பிறகு சொன்னாய். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, ரோட்டோரச் சரளையில் ஒதுக்கினாய். வண்டி சறுக்கியது. உனக்கு முழங்காலில் சிராய்ப்பு, எனக்கு இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். அவ்வளவோடு போயிற்று என்று ஊரே சொன்னது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் நீ அப்பாவைப் பார்த்துக் கேட்டது அவ்வளவோடு போகவில்லை.

"வீட்டுல வச்சு மெக்கானிக் வேல பாக்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? பிரேக் பேடு மாத்துறேன், பிரேக் பேடு மாத்துறேன்னு என்னத்தையோ பண்ணி வச்சிருக்கீங்க. இன்னைக்கி அம்மா போயிருந்தா?"

அவர் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "ஆமாப்பா. நாந்தேன் எங்கயோ கோட்ட விட்டுட்டேன்." அவ்வளவுதான். வாதாடுகிற மனுஷர் அன்று வாதாடவில்லை. நீ பஸ் ஏறி ஓசூர் போய்விட்டாய். வண்டி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே நின்றது. அதற்குப் பிறகு நீ போன் பண்ணினால் என்னிடம் பேசுவாய். "அப்பா நல்லாருக்காரா" என்று கேட்டு நான் "ம்" சொன்னதும் வைத்துவிடுவாய். அவர் பக்கத்தில் செய்தித்தாளை விரித்து வைத்திருப்பார். ஒரே பக்கத்தை நீ பேசி முடிக்கும்வரை படிப்பார். கடையில் பத்து ஊர் விவசாயிகளின் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கை, வீட்டில் ஒரு குழாய்க்கு வாஷர் மாற்றக்கூட யோசித்தது. "பிளம்பரக் கூப்புட்டுக்க, நான் எதாச்சும் பண்ணிருவேன்" என்றார். ஐந்து மாதம் அப்படிப் போனது.

போன மாதம் நீ வண்டியை விற்றுவிடச் சொன்னாய். "அது மேல நம்பிக்க போயிருச்சும்மா, ஸ்கூட்டர் வாங்கிக்கிறேன்" என்றாய். அன்று சாயங்காலமே வெண்ணிலா கூப்பிட்டாள். தொப்பம்பட்டிக்காரப் பெண் இல்லையா, சண்டை போடும்போதும் மரியாதை குறையாது. "ஏனுங்க அத்தை, வண்டிய வித்துப்போட்றதுன்னு சொல்றாருங்க. என்னையப் பாக்க மொதத் தடவ அந்த நீல வண்டியிலதானுங்க வந்தாரு. நீங்களாவது சொல்லக் கூடாதுங்களா?" என்றாள். விற்பதென்றாலும் வைத்துக்கொள்வதென்றாலும் முதலில் கழுவித் துடைக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை எடுத்தேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் உனக்குத் தெரியாதது. போன ஆயுத பூசைக்கு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவள் நான். ஹெட்லைட்டில் ஒன்று, டேங்கில் ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. சீட்டுக்குக் கீழே வலது பக்கம் ஒரு சின்ன வெள்ளை டப்பா இருக்கிறதே, அதன் முகத்தில் வட்டமாய் ஒரு கண்ணாடி. பார்க்கக் குழந்தை நெற்றி மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு இதை மட்டும் விடுவானேன் என்று அங்கேயும் நல்ல தடிமனாய் வைத்தேன். அதோடு விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வாசல் நிலைக்குப் பொட்டு வைக்கும்போது அதற்கும் புதிதாய் வைத்தேன். உன் வண்டி, நீ ஊரில் இல்லை, அதற்குச் செய்வது உனக்குச் செய்வது போல இருந்தது. கார்த்திகையில் சில வாரம் அந்தப் பொட்டு மட்டும் ஈரமாய் வழிந்திருக்கும். மழைச் சாரல் படிக்கட்டு வழியாக அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வழிந்ததன் மேலேயே இன்னொன்று வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணியால் அந்த அப்பிய குங்குமத்தைத் தேய்த்தேன். பட்டை பட்டையாய் உரிந்தது. அடியில் கண்ணாடியின் ஓரத்திலிருந்து கீழே குழாய் மாட்டும் இடம்வரை மயிரிழை போல ஒரு விரிசல். டப்பாவுக்குள் அடியில் ஒரு சொட்டு பழுப்பு எண்ணெய். கண்ணாடியில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாய் இரண்டு கோடு போட்டிருந்தது. எண்ணெய் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. எண்ணெய் டின்னில் அளவு பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் உத்தியோகம். பிரேக்குக்கான எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்காக வைத்த கண்ணாடியை, நாலு மாதம் வாரம் தவறாமல் நான் மூடி வைத்திருக்கிறேன்.

"ஏங்க, இங்க செத்த வாங்களேன். இதப் பாருங்க" என்று கூப்பிட்டேன். அவர் வந்தார். டப்பாவைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"பாத்துட்டியா?" என்றார்.

அவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது அப்பு. எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"அன்னைக்கே. ஒன்னைய ஆஸ்பத்திரில விட்டுட்டு வண்டிய எடுக்கப் போனேன்ல, அங்கனயே பாத்தேன். எண்ணெ ஊறிப்போய்க் கிடந்துச்சு பொட்டு."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல? அவன் அம்புட்டுப் பேச்சுப் பேசுனானே?"

"என்னத்தச் சொல்ல? ஒங்கம்மா வச்ச பொட்டுதான்டான்னு சொல்லவா? நீ கையில கட்டோட ஒக்காந்திருக்க."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் படியில் உட்கார்ந்துகொண்டார். "நானும் ஒழுங்கில்ல. பேடு மாத்துன அன்னைக்கி அந்தக் கண்ணாடியப் பாக்கணும்னு தோணுச்சு. வெள்ளிக்கெழம. நீ அப்பத்தேன் வச்சுட்டு உள்ள போன. பொட்டத் தொடைக்கக் கை வரல. சரி, எண்ணெ இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

இப்போது புரிகிறதா? அவர் உன்னிடம் சொன்னது பொய் இல்லை. எங்கேயோ கோட்டை விட்டது உண்மைதான். ஆனால் எங்கே, ஏன் என்பதைச் சொன்னால் என் பெயர் வரும் என்பதற்காக அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்.

ஒன்பதாம் வகுப்பில் நான் செய்த ஒன்றை உனக்குச் சொன்னதில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் என் கை பட்டு ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணைத்தான் டீச்சர் வெளியே முட்டி போடச் சொன்னார். அன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அடுப்படி விளக்கில் உட்கார்ந்து டீச்சருக்குக் கடிதம் எழுதினேன். நாய் குரைத்தால் பயம், உன் தாத்தா இருமினால் பயம். மூன்று ராத்திரி எழுதி, மூன்று நாளும் கொடுக்காமல் திரும்பி வந்தேன். கடைசியில் அடுப்பில் போட்டேன். அந்தப் பெண்ணை இப்போதும் சின்னாளப்பட்டிக் கடைத்தெருவில் பார்க்கிறேன். என்னைப் பார்த்தால் சந்தோஷமாய்ச் சிரிக்கிறாள், அவளுக்குத் தெரியாது. எனக்குத்தான் அவள் சிரிக்கும்போது வேறு பக்கம் பார்க்கத் தோன்றுகிறது. உன் அப்பாவிடமும் ஆயுசு முழுக்க அப்படி முகம் திருப்பிக்கொள்ள முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அழுது முடித்த பிறகு ஒரு முடிவு எடுத்தோம். முடிவு எடுத்தது நான். "டப்பாவ மாத்துங்க" என்றேன். "நான் தொட மாட்டேன்" என்றார். "சரி, நீங்க தொட வேணாம். சொல்லுங்க, நான் தொடுறேன்" என்றேன். அன்றே அவர் சொல்லச் சொல்லக் கழற்றினேன், மறுநாள் அந்தப் பழைய டப்பாவைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னையும் பையையும் பார்த்தார்.

"மெக்கானிக் வரலையாக்கா?"

"நாந்தேன் மெக்கானிக்."

"அப்பிடியா! இதுல இடுக்கெல்லாம் இம்புட்டுக் குங்குமம் அப்பியிருக்கே, வண்டிய ஓட்டுனீங்களா, கும்புட்டீங்களா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், சிரிப்புதான் வந்தது. பொங்கலுக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை. புது டப்பா, கீழே மாட்டும் ரப்பர் குழாய், இரண்டு கிளிப், சீல் உடைக்காத பிரேக் ஆயில் பாட்டில் எல்லாம் வாங்கினேன். பழைய குழாயே நன்றாக இருக்கிறதே என்றதற்கு, "அதயும் மாத்திருங்கக்கா, டப்பா புதுசு, கொழா பழசுன்னா அடுத்து அதுதேன் ஒழுகும்" என்றார்.

அடுத்த ஞாயிறு காலையில் பழைய சேலையைக் கிழித்து வண்டியைச் சுற்றிப் போர்த்தினோம். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னுமாம். அப்படிப் போர்த்தியும் ஒரு சொட்டு சிந்திவிட்டேன். சீட்டுக்குக் கீழே துவரம்பருப்பு அளவு நீலம் உரிந்திருக்கும். பார்த்துவிட்டு அப்பாவைக் கேட்காதே, அது என் வேலை. பழைய டப்பாவைக் கழற்றிய அன்றே மிச்சமிருந்த எண்ணெயை ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்திருந்தேன். கிளிப்பைக் குறடால் நெருக்கிப் பின்னுக்குத் தள்ளிக் குழாயை உருவியதும் அன்றுதான். ஒரே ஒரு போல்ட்தான் டப்பாவைப் பிடித்திருந்தது. இந்த ஒற்றைப் போல்ட்டுக்காகவா ஐந்து மாதம் என் பிள்ளையும் அவரும் பேசாமல் இருந்தார்கள் என்று தோன்றியது. புதியதை மாட்டும்போது அவர் இரண்டு அடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும் வேலை பார்த்தார்.

"ரொம்ப முறுக்காத. பிளாஸ்டிக்கு. முறுக்குனா அங்கனயே விரியும்."

"இம்புட்டுப் போதுமா?"

"இன்னும் ஒரு கால் சுத்து. நிறுத்து, நிறுத்து!"

அந்த இரண்டாவது "நிறுத்து"க்கு முக்காலி காலியாகிவிட்டது. என் கையிலிருந்த ஸ்பேனர் அவர் கைக்குப் போயிருந்தது. நான் பார்க்காத மாதிரி கையைத் துடைத்துக்கொண்டேன். ஏதாவது சொன்னால் திரும்ப முக்காலிக்குப் போய்விடுவார்.

அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. குழாய்க்குள் போன காற்றை வெளியே எடுக்க வேண்டும். சக்கரத்துக்குப் பக்கத்தில் பிரேக்கின் மேல் ஒரு சின்ன மூக்கு இருக்கிறது. அதில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி, மறு முனையைப் பாட்டிலுக்குள் விட்டார். நான் பெடலை நாலு தடவை அமுக்கிவிட்டு அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் மூக்கைத் திறப்பார், எண்ணெயோடு காற்றுக் குமிழ் வரும், மூடுவார், அதன் பிறகே நான் விட வேண்டும். "அமுக்கு. அமுக்கு. பிடி. விட்றாத." "மூடிட்டீங்களா?" "மூடிட்டேன், விடு." இப்படியே முக்கால் மணி நேரம். நடுவில் வெண்ணிலா போன் பண்ணினாள். முகூர்த்தச் சேலையின் கரையைப் பற்றி அவளோடு பேசிக்கொண்டே அமுக்கியதில் டப்பாவில் எண்ணெய் தீர்ந்ததை நான் கவனிக்கவில்லை. திரும்பவும் காற்று புகுந்துவிட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். திட்டுவார் என்று நினைத்தேன். "இந்தத் தடவ கண்ணாடிய நீ பாரு. பெடல நான் கையால அமுக்கிக்கிறேன். கோட்டுக்குக் கீழ எறங்குச்சுன்னா ஊத்து" என்றார். வயர் கட்டுகிற நீளக் கை, சக்கரத்துக்கும் பெடலுக்கும் எட்டியது. நான் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் குமிழ் நின்று எண்ணெய் மட்டும் வந்தது. பெடலை அமுக்கிப் பார்த்தேன். கல்லை மிதித்த மாதிரி நின்றது. சிந்தினதை எல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

அவர் முதலில் வண்டியைத் தெருவுக்குள்ளேயே தள்ளித் தள்ளி நிறுத்திப் பார்த்தார். அப்புறம் தனியாக மெதுவாக ஓட்டி நிறுத்தினார். அதுவும் போதாமல் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினார். "நம்ம வேலைய இன்னொரு கண்ணும் பாக்கட்டும்" என்றார். உன் அப்பா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே நீ கொடுத்த பாடம்தான், அதில் நீ சொன்னது தப்பில்லை. மெக்கானிக் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தேன் போட்ருக்கீங்க, மறக்காம நாலு நாளு ஒழுகுதான்னு பாருங்க" என்றாராம். நாலு நாள் காலையும் சாயங்காலமும் பார்த்தோம். கோடு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு, "நீ பின்னால ஒக்காருவியா?" என்று கேட்டார். உள்ளே வந்து செருப்பைப் போட்டேன். வேடசந்தூர் ரோட்டில் பைபாஸ் பாலம்வரை போய்த் திரும்பினோம். ஆளில்லாத இடமாய்ப் பார்த்து, "பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் பின் பிரேக்கை மிதித்தார். வண்டி நேராக, பதறாமல் நின்றது. திரும்பும் வழியில் அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார். ராகம் சரியில்லை, நான் குறுக்கே பேசவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குங்குமத் தட்டோடு வண்டிக்கு முன்னால் நின்றேன். அவர் வாசலில் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார். ஹெட்லைட்டுக்கு வைத்தேன், டேங்குக்கு வைத்தேன், நிமிர்ந்தேன்.

"அந்த டப்பாவுக்கு?"

"அது வண்டிக்குக் கண்ணு. கண்ணுல யாராச்சும் பொட்டு வப்பாகளா?"

வாயில் இருந்த நுரையெல்லாம் தெறிக்கச் சிரித்தார்.

கல்யாணம் ஆகப்போகிற உனக்கு என்று பெரிதாய்ச் சொல்ல என்னிடம் இல்லை. இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள். வெண்ணிலா ஆசையாய் ஒன்று செய்து வைத்திருப்பாள். அது பார்க்க வேண்டியதை மறைக்கும். மனசு கேட்காமல் நீ அப்படியே விட்டுவிடுவாய். விடாதே. "இத எடுத்துட்டு உள்ள பாக்குறேன்மா" என்று சொல்லிவிட்டுத் துடை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், இருக்கட்டும். நீ செய்து வைத்ததை அவள் துடைத்தாலும் பொறுத்துக்கொள். உன் அப்பா அன்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே துடைத்திருப்பேன். அவர் கேட்கவில்லை, நானும் எதற்கு அந்த டப்பா என்று கேட்கவில்லை. ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்திருந்த பிரியம்தான் காரணம். ஆனாலும் விழுந்தது நாம் இருவரும்.

வண்டியை விற்க வேண்டாம். அவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டாம். கேட்டால் நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துபோகும். அவரும் என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்குக் கிளம்பிவிடுவார். அதற்குப் பதில் ஒன்று செய். மணி ஐந்தே முக்கால் ஆகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் வந்து, நான் மூலைக்கு மஞ்சள் தடவி அடுக்கி வைத்திருக்கும் இந்தப் பத்திரிகைகளைக் கட்டப் போகிறார். காயில் கட்டுகிற நூலால், அவர் கடை முடிச்சுப் போட்டு, அவரே பஸ் ஸ்டாண்டில் ஓசூர் வண்டியில் பார்சல் போடுவார். தன்னைப் பற்றின கடிதத்தைத் தானே சுமந்துகொண்டு போவது தெரியாமல் போவார். கட்டு வந்ததும் அந்த முடிச்சை வெட்டாதே, அவிழ்த்துப் பார், அவிழ்க்க வரும். பிறகு போனை எடுத்து என்னைக் கூப்பிடாமல் அவரைக் கூப்பிடு. "வண்டிக்கு எப்பப்பா பிரேக் ஆயில் மாத்தணும்?" என்று கேள்.

அவர் அரை மணி நேரம் பேசுவார். பாதி உனக்குத் தெரிந்ததாகவே இருக்கும். குறுக்கே பேசாமல் கேள்.

அம்மா